ஓய்வுக்கு யார் விலை கொடுப்பது?

தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வைத்தியர் சொல்லும் மருந்துகளுள் மிக மலிவானது ஓய்வு என்றே நம்மிற் பலர் எண்ணி வருகிறோம். மருந்துக்கடைக்குப் போகத் தேவையில்லை, காசும் தேவையில்லை. "இரண்டு நாள் ஆறுதலாக இருக்கட்டும், பிறகு மெல்ல மெல்ல நடமாடட்டும், விளையாட்டுக்கு இப்போதைக்கு விட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். தாயும் தலையாட்டிவிட்டு வருவாள். ஆனால் அவள் எந்த ஒழுங்கைக்கு, எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்பதைப் பொறுத்தே அந்த மருந்து பிள்ளைக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. அதைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம். இது விளையாட்டுப் பக்கத்துக்குரிய விடயமாயிற்றே என்று சிலர் நினைக்கக் கூடும். மைதானத்திலே தொடங்கினாலும், நீதி பற்றிய ஒரு வினாவிலே போய்ச் சேருகிற விடயம் இது. ஆகவே பொறுமையோடு வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எமது குடாநாட்டிலே உதைபந்தாட்டம் எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் கடற்கரை ஊர்களைத்தான் முதலிற் காட்ட வேண்டும். குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றிசியன்ஸ் என்ற பெயர்களைச் சொன்னால், வயது போன தாய்மார் கூட எந்த ஆண்டில் யார் வென்றார் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். துடுப்பாட்டத்துக்கு 1904-இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர் போன்ற கல்லூரிப் போட்டிகள் உண்டு. அந்த ஆட்டத்துக்கு மட்டை வேண்டும், காற்காப்பு வேண்டும், தலைக்கவசம் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கோ ஒரு பந்தும் கொஞ்ச மணலும் போதும். வறிய ஊர்ப் பிள்ளை எதை விளையாடுவான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆட்டத்திலே உயரப் பந்துக்கு இருவர் ஒரே வேளையில் எம்பும்போது தலையோடு தலை மோதும். முழங்கை நெற்றிப்பொட்டிலே படும். கோல் கம்பத்திலே மோதுவதும், காய்ந்து இறுகிய தரையிலே பிடரி அடிபட விழுவதும் உண்டு. பெரும்பாலும் பிள்ளை எழும்பி நின்றுவிடுவான். முகத்திலே தண்ணீர் அடித்து, "ஒன்றுமில்லை, விளையாடு" என்பார்கள்.

ஒன்றுமில்லை என்பது சரியன்று. மூளை மென்மையானது, மண்டையோட்டினுள்ளே ஒரு திரவத்திலே மிதப்பது போல இருக்கிறது. தலை சடுதியாகக் குலுங்கும்போது மூளையும் உள்ளே குலுங்கி முறுகுகிறது. அதனால் உயிரணுக்களின் உள்ளும் புறமும் இருக்க வேண்டிய உப்புக்களின் சமநிலை குழம்புகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழமையிலும் கூடிய சக்தி தேவைப்படுகிறது. அந்த வேளை பார்த்து அங்கே செல்லும் இரத்த ஓட்டமோ குறைந்து போகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீட்டைப் போன்ற நிலை. இதைத்தான் மூளை அதிர்வு என்கிறோம். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்பது பிழையான எண்ணம்; பெரும்பாலானோர் மயங்குவதேயில்லை. தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, மனம் ஒன்றிலே நில்லாமை, காரணமில்லாத எரிச்சல், நித்திரைக் குழப்பம் என்று அது தன்னைக் காட்டும். சில வேளைகளில் அன்றே காட்டாது, மறுநாள் காட்டும்.

சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தாற் கூட மூளை அதிர்வு தெரிவதில்லை. இரத்தக்கசிவு, எலும்பு முறிவு இவற்றைத்தான் அப்படம் காட்டும். "ஸ்கானில் ஒன்றுமில்லையாம்" என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்! அந்தச் சொல்லின் சரியான பொருள், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது மட்டுமே.

பத்திரிகைகளில் நாம் வாசிப்பவை வேறு வகையானவை. 1998-இல் டாக்காவிலே தலைக்கவசம் அணியாமல் அருகில் நின்று களத்தடுப்புச் செய்த இந்திய வீரர் ராமன் லம்பாவும், 2014-இல் சிட்னியிலே கழுத்தில் பந்து தாக்கிய அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸும் சில நாட்களுக்குள் உயிர் துறந்தார்கள். உலகம் கண்ணீர் விட்டது. நாம் இங்கே பேசுவது உலகம் அறியாத சிறிய அடிகளைப் பற்றி. உரிய முறையிலே கவனித்தால் குணமாகக் கூடியவற்றைப் பற்றி.

உரிய முறை எது? 2022-இல் அம்ஸ்ரடாமிலே கூடிய பன்னாட்டு விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் வகுத்த வழி ஏறக்குறைய இதுதான். அடிபட்ட பிள்ளையை அன்று மீண்டும் ஆட விடக் கூடாது. முதல் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்கு ஓரளவு ஓய்வு. கைத்தொலைபேசியைக் குறைக்க வேண்டும். இருட்டறையிலே நாட்கணக்காக அடைத்து வைப்பது பழைய முறை. அது குணமடைதலைத் தாமதமாக்கும் என்று இன்று கண்டிருக்கிறார்கள். வீட்டோடு சிறிது நடக்கலாம். பின்னர் படிப்படியாகப் படிப்பு, அதன் பின் படிப்படியாக விளையாட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது. மோதி விளையாடும் ஆட்டத்துக்கு வைத்தியர் சம்மதித்த பின்னரே திரும்ப வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் குணமடைந்து விடுகிறார்கள். குணமடையும் முன் இரண்டாவது அடி விழுந்தால் வருத்தம் மாதக்கணக்கில் நீளலாம். அரிதாக, மூளை சடுதியாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எவ்வளவு எளிமையான மருந்து! இனி அந்த மருந்தைக் கொண்டு வீட்டுக்குப் போவோம்.

ஒரு தொடர்மாடி வீட்டையோ, கடற்கரை ஒழுங்கையிலே சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டையோ மனத்தில் எண்ணிப் பாருங்கள். இரண்டு அறைகள், ஏழு பேர். பிள்ளை படுத்திருப்பது மற்றவர்கள் நடந்து போகும் வழியிலே. தகரக் கூரை பகல் 11 மணிக்கே தகிக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டிலே தொலைக்காட்சி. எதிர் வீட்டிலே படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கிறார்கள். கைக்குழந்தை ஒன்று அழுகிறது. சத்தம் பொறுக்காத தலையோடு அவன் எங்கே போவான்? தகப்பன் விடிய 3 மணிக்குக் கடலுக்குப் போக வேண்டும். உதவிக்கு இந்த மகனைத்தான் கூட்டிப் போகிறவர். கூலிக்கு ஆள் பிடித்தால் வருகிற மீனிலே பங்கு கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளிலே உயர்ந்தபோது, சிறு படகுத் தொழிலாளர் வீடுகளிலே மிச்சம் என்று சொல்ல இருந்த கொஞ்சமும் போயிற்று. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன கதை வேறு. "இரண்டு கிழமை அவனை விடுங்கள்" என்று வைத்தியர் சொல்லும்போது அந்தக் குடும்பத்திடம் அவர் என்ன கேட்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் இடம்பெயர்ந்து, மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களிலே கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடுகு மறைப்புக்கும் தகரத்துக்கும் நடுவே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஓர் அமைதியான அறை என்பது கேள்வியிலே மட்டும் இருந்த பொருள். அங்கேயும் மாலையிலே பந்து உருண்டது.

பெண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி தேசிய மட்டத்திலே பெயர் பெற்றது. இன்று பல ஊர்களிலே பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தலையில் அடிபட்ட மகன் படுத்திருந்தால் "பாவம், படுக்கட்டும்" என்போம். மகள் படுத்திருந்தால் தம்பிக்குச் சோறு போடுவது யார், கிணற்றிலே தண்ணீர் அள்ளுவது யார் என்ற பேச்சு சீக்கிரமாகவே எழுந்துவிடும். அவளுடைய வேலை வேலையென்று எண்ணப்படாதபடியால், அதிலிருந்து அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நினைவும் யாருக்கும் வருவதில்லை.

பாடசாலைக்கும் இதிலே பங்குண்டு. படிப்பு படிப்படியாக என்றால், அரை நாள் வகுப்பு, குறைந்த எழுத்து வேலை, தவணைப் பரீட்சையைப் பிந்தி எழுத அனுமதி என்பவை வேண்டும். வசதியுள்ள பெற்றோர் அதிபரிடம் நேரே போய்ப் பேசுவார்கள். தவறிய பாடத்தைத் தனிப்பட்ட ரியூசனிலே ஈடுசெய்வார்கள். மற்றப் பிள்ளை பின்வாங்கிலே தலையைக் கவிழ்த்துப் படுத்திருப்பான்; சோம்பேறி என்று பெயர் வாங்குவான். அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று ஆசிரியருக்குச் சொல்வதற்கு வீட்டிலே யாருக்கும் நேரமும் இல்லை, துணிவும் இல்லை.

தூரமும் ஒரு தடை. நெடுந்தீவிலே மைதானத்தில் விழுந்த பிள்ளையை யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர, குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பின்னர் புங்குடுதீவு, வேலணை கடந்து தரைவழி. 1990 இலவச நோயாளர் காவு வண்டி 2018 ஜூலையிலே வடக்குக்கு வந்தது பெரிய உபகாரம். கடலுக்கு நடுவே அது என்ன செய்யும்? வைத்தியசாலையிலே கட்டணம் இல்லை என்பது எமது நாட்டின் பெருமை. ஆயினும் ஒரு கிளினிக் நாள் என்பது தாய்க்கு ஒரு நாட் கூலி. இரண்டாம் முறை வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்?

கையிலே கொடுத்து அனுப்பும் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். அது ஆங்கிலத்திலே இருக்கிறது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கி, தமிழிலேயே மாணவர்க்குப் பாடம் சொன்னார். அவர் எம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும், "மீண்டும் மீண்டும் சத்தி எடுத்தால், தலையிடி கூடிக்கொண்டே போனால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், வலிப்பு வந்தால், கை கால் சோர்ந்தால் உடனே கொண்டு வாருங்கள்" என்ற ஐந்து வரிகளைத் தமிழிலே அச்சடித்து ஒவ்வொரு தாய்க்கும் கொடுப்பது முடியாத காரியமா?

இவ்விடயத்தை அமெரிக்காவிலே எண்களால் அளந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு சிறிய குடியிருப்புப் பகுதிக்கும் அங்குள்ளோரின் வருமானம், படிப்பு, தொழில், வீட்டு நிலை இவற்றைக் கொண்டு ஓர் இலக்கம் கொடுக்கிறார்கள். தலையில் அடிபட்டு வைத்தியரிடம் வந்த இளம் விளையாட்டு வீரர்களை அந்த இலக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். கண்டவை ஒரே முகமாக இல்லை. சில ஆய்வுகளிலே வறிய பகுதிப் பிள்ளைகள் குணமடைய அதிக காலம் எடுக்கிறது. சிலவற்றிலே அப்படி வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு தெரியவில்லையே என்று ஆறுதலடைய முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கணக்கிலே வருகிறவர்கள் வைத்தியரிடம் வந்து சேர்ந்தவர்கள். அந்நாட்டிலே மைதானத்துக் காயங்களைக் கவனிக்கவென்றே பயிற்றப்பட்டவர்கள் பாடசாலைகளிலே உண்டு; வறிய பகுதிப் பாடசாலைகளிலேதான் அவர்கள் குறைவு. அடிபட்டதை யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இடத்தைக் கொண்டு குறையை அளப்பது எமக்குப் புதிதன்று. பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்டக் கோட்டா என்று அரை நூற்றாண்டாகப் பேசி வருகிறோம்; அதனால் வந்த மனக்கசப்பையும் அறிவோம். ஆனால் மாவட்டம் என்பது மிகவும் அகலமான அளவுகோல். நல்லூர்ப் பிள்ளையும் நெடுந்தீவுப் பிள்ளையும் அதிலே ஒரே யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளைகள். ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறுகிற குறையை அது காணாது.

இப்போது எம் வினாவுக்கு வருவோம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை நான்காம் நாளே வலை இழுக்கப் போனான், பத்தாம் நாள் மைதானத்திலே இறங்கினான், மறுபடியும் அடிபட்டான் என்று வைத்துக் கொள்ளுங்கள். யாருடைய குற்றம்? "வைத்தியர் சொன்னார், தாய் கேட்கவில்லை" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். ஒழுக்கவியலிலே ஒரு பழைய விதி உண்டு: இயலாததைச் செய்ய எவரும் கடமைப்பட்டவரல்லர். சட்டியிலே அரிசி போடுவதா, மகனைப் படுக்க விடுவதா என்று ஒரு தாயைத் தெரிவு செய்ய வைத்துவிட்டு, அவள் தெரிவு பிழை என்று பிறகு சொல்லுவது நீதியான மனிதர் செய்யும் காரியமன்று.

அதற்காக எல்லாவற்றையும் வறுமையின் தலையிலே போட்டுவிடவும் முடியாது. அடிபட்ட பிள்ளையை உடனே மைதானத்துக்கு வெளியே கொண்டுவரக் காசு தேவையில்லை. "தலை சுற்றுது" என்று சொன்னவனைப் பயந்தவன் என்று பகிடி பண்ணாமல் இருக்கக் காசு தேவையில்லை. இறுதிப் போட்டியென்றால் கண்ணை மூடிக்கொள்ளும் பயிற்றுநர்கள் வசதியான கல்லூரிகளிலும் உண்டு. அங்கே குற்றம் குற்றமே.

"எங்கள் காலத்தில் இரத்தம் வடிய வடிய விளையாடினோம்" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் துணிவு என்னும் புண்ணியத்தை அச்சத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே வைத்தவர் புனித தோமஸ் அக்குவினாஸ்; விவேகம் வழிநடத்தாத துணிவை அவர் துணிவென்று ஏற்கவில்லை. பிள்ளை தலையிடியை மறைத்து ஆடுவதைத் தியாகம் என்று புகழுகிறோமே, தியாகம் செய்கிறவனுக்குத் தான் எதைக் கொடுக்கிறேன் என்ற அறிவும், கொடுக்காமல் இருக்கும் சுதந்திரமும் இருக்க வேண்டாமா? 15 வயதுப் பிள்ளைக்கு முதலாவது இல்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதும் குறைவு. அவனுக்கு விளையாட்டு ஓர் ஏணி. நல்ல ஆட்டக்காரனென்றால் பெரிய கல்லூரி அழைக்கும்; மாவட்ட அணி, தேசிய அணி என்று கனவு காணலாம்; பல்கலைக்கழக அனுமதியிலே கூட விளையாட்டுத் திறமைக்கென்று சிறு இடம் உண்டு. இரண்டு போட்டிகள் வெளியே இருந்தால் அவன் இடத்திலே இன்னொருவன் நிற்பான். வசதியுள்ள பிள்ளைக்கு வேறு ஏணிகளும் உண்டு. ஆகவே ஒரே அடி பட்ட இருவரில், மறைக்கத் தூண்டும் சோதனை ஒருவனுக்கு அதிகம்.

2019 ஆகஸ்ட் 17-ஆம் திகதி லோர்ட்ஸ் மைதானத்திலே அவுஸ்திரேலிய வீரர் ஸ்ரீவ் ஸ்மித்துக்கு ஜொவ்ரா ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தருகே பட்டது. 80 ஓட்டங்களோடு வெளியேறினார். வைத்தியர் சோதித்தார், தேறினார், திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாட் காலையிலே தலையிடி, மந்தம். உடனே நிறுத்தினார்கள். அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் துடுப்பெடுத்தாடினார். தலையில் அடிபட்டவருக்குப் பதில் வீரர் ஆடலாம் என்ற விதி அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி முதற்றான் சர்வதேசப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்திருந்தது. மைதானத்திலேயே வைத்தியர் இருந்தும் முதல் நாள் அறிகுறி பிடிபடவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அந்த விதியை ஆக்கியவர்கள் வீரருக்கு விவேகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அவர் வெளியேறினால் அணி ஓர் ஆள் குறைந்து தோற்கும் என்ற நிலை இருந்தபடியால்தான் வீரர்கள் மறைத்தார்கள். அந்த நிலையை நீக்கினார்கள். அவருடைய ஓய்வின் விலையை அவர் தலையிலிருந்து எடுத்து ஆட்டத்தின் தலையிலே வைத்தார்கள்.

லோர்ட்ஸிலே செய்ததைக் குருநகரிலே செய்ய முடியாதா? அந்தப் பிள்ளைக்கும் பதில் ஆள் வேண்டும். மைதானத்திலே மட்டுமல்ல, படகிலும் வேண்டும். இரண்டு கிழமைக்கு அவன் தகப்பனோடு கடலுக்குப் போகக் கழகத்து மூத்த இளைஞர்கள் முறை வைத்துக் கொள்ளலாம். நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. சத்திரத்துக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் அக்காலத்திலே ஒரு தொழிலாளியின் நாட்கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றார். காயத்துக்குக் கட்டுப்போடுவது ஒரு செலவு. குணமாகும் வரை படுத்திருக்க இடம் என்பது வேறொரு செலவு. இரண்டாவதையும் அவர் எண்ணினார். நாமோ முதலாவதை அரசாங்க வைத்தியசாலையிடம் விட்டுவிட்டு, இரண்டாவது இருப்பதையே மறந்து போகிறோம்.

பின்தங்கிய ஊர் என்று சொல்லும்போது அங்கே எல்லாமே குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அறை குறைவு, காசு குறைவு, மனிதர் குறைவில்லை. பகல் முழுதும் கதவு பூட்டிக் கிடக்கும் நகர வீட்டிலே, தாயும் தகப்பனும் கந்தோரிலே இருக்க, அடிபட்ட பிள்ளை தனியே மயங்கிக் கிடந்தாலும் அறிவாரில்லை. கடற்கரை ஒழுங்கையிலோ பெரியம்மா எட்டிப் பார்ப்பார், அப்பாச்சி பக்கத்திலே இருப்பார், பகலிலே அவனைப் படுக்க விட இரண்டு வீடு தள்ளி ஒரு மாமி இடம் கொடுப்பார். இந்தச் செல்வத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். திருவிழாக் காலத்திலே விடிய 5 மணி முதல் ஊர் முழுதும் அதிரப் பாட்டுப் போடுகிறோமே, அந்தக் குழாய் எந்த வீட்டுக் கூரையைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாராவது பார்ப்பதுண்டா? எமது கோவில்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சட்டம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே 2006-இல் லிஸ்ரெட் என்ற 13 வயதுச் சிறுவன், அடிபட்ட பின் அதே போட்டியிலே மீண்டும் இறக்கப்பட்டு, மூளையிலே பாரிய பாதிப்பு அடைந்தான். 2009-இல் அவன் பெயரால் ஒரு சட்டம் வந்தது: சந்தேகம் என்றாலே வெளியே எடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்ளே விடக் கூடாது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடிதத்தை வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது இன்னொரு சுவராகிவிடும். ஒன்றில் அவன் விளையாட்டையே விட்டுவிடுவான், அல்லது அடிபட்டதையே சொல்லமாட்டான். இரண்டும் எமக்கு வேண்டாம். "அப்படியென்றால் பந்தே வேண்டாம்" என்று மகனைத் தடுக்கும் தாய்மாருக்கும் இதையே சொல்லுவோம்: அந்த ஒழுங்கையிலே பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல பொருட்கள் சிலவே. மாலை நேரத்துப் பந்து அவற்றுள் ஒன்று. அதையும் பறிக்க வேண்டாம்.

உதைபந்தாட்ட விதிகளிலும் 2024 முதல், போட்டியை நடத்துகிறவர்கள் விரும்பினால், தலையில் அடிபட்டவருக்காக மேலதிக பதில் வீரரை இறக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறார்கள். எமது ஊர்ச் சுற்றுப்போட்டிகளை நடத்தும் கழகங்கள் இதை ஏற்றுக்கொள்ள எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பரிசுத் தொகைக்குப் பணம் சேர்க்கும்போதே, அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு கிழமைக் கூலிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம்.

கழகப் பதிவேட்டிலே பெயர் இல்லாத பிள்ளைகள் எஞ்சி நிற்கிறார்கள். பாடசாலையை விட்டு விலகியவன் அதிபரின் கண்ணிலும் இல்லை, பயிற்றுநரின் கண்ணிலும் இல்லை. கடற்கரை மணலிலே ஆடும்போது அவனுக்கு அடிபட்டால் அதை முதலில் அறியப் போகிறவர்கள் அவனோடு ஆடும் தோழர்களே. ஆகவே சத்தி, கூடும் தலையிடி, தூக்கம், வலிப்பு, கைகால் சோர்வு என்ற அந்த ஐந்து அடையாளங்களையும், அடிபட்டவனைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் 12 வயதுப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலே பத்து நிமிடத்தை இதற்கென்று கேட்டால், மறைக்கல்வி ஆசிரியர்கள் எம்மீது கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.